காப்பித்தூள் அடைத்த காயம்

துப்பாக்கிக் காயம் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று, ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு ஒரு பரபரப்பு. சிதம்பரத்தில் அது எங்கே வரும்? பைக்கில் விழுந்தவர்களும் குடல்வால் வீங்கியவர்களும்தான் வருவார்கள். கடைசியில் வந்தது, காப்பி வாசனையோடு.

பெண்ணாடம் பக்கத்துக் கரும்புக் கொல்லைக்காரர். தொப்புளுக்கு அருகே காயம். ரத்தம் நிற்பதற்காகக் காப்பித்தூளை அள்ளி அதில் அடைத்திருந்தார்கள்.

"மாடு முட்டிடுச்சு சார்" என்றார் கூட வந்த அக்கா புருஷன். "தெம்பா இருக்கட்டும்னு வர்ற வழியில கஞ்சி குடுத்தேன்."

எக்ஸ்ரேயில் வயிறெங்கும் ஈயக்குண்டுகள். எங்கள் சர்ஜன் மேடம் படத்தை அந்த அக்கா புருஷன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஏங்க, உங்க ஊரு மாடு கொம்புல குண்டு போட்டுக்கிட்டா முட்டுது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பன்னின்னு நெனச்சு சுட்டுட்டேங்க. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி. போலீசுக்குத் தெரிஞ்சா..."

"மொதல்ல உங்க மச்சான் பொழைக்கட்டும்" என்றார் மேடம்.

வயிற்றைத் திறந்தோம். மலம், ரத்தம், காப்பித்தூள், கஞ்சிப் பருக்கை எல்லாம் கொழகொழவென்று ஒரே குழம்பு. உறிஞ்சும் குழாயைப் பருக்கை அடைத்துக்கொள்ள, விரலால் தோண்டி எடுத்தேன். மலவாடையும் காப்பி வாசனையும் கலந்து மாஸ்க்கைத் தாண்டி ஏறின. மேடம் சிறுகுடலை விரல்களுக்கிடையே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஓட்டைகளை எண்ணினார். ஒற்றைப்படையில் வந்தது. ஒரு பக்கம் நுழைந்த குண்டு மறுபக்கம் வெளியேறியிருக்க வேண்டுமே!

"இன்னொண்ணு எங்கயோ ஒளிஞ்சிருக்கு. அத விட்டுட்டு மூடினா ஆள் காலி."

மறுபடி முதலிலிருந்து. குடலோடு கொழுப்புத் திரை ஒட்டும் ஓரத்தில் ஓரிடம் கறுத்து உப்பியிருந்தது. அபூர்வமான இடம்; புத்தகத்தில் படித்ததோடு சரி.

"மேடம், இங்க!"

கொழுப்பைப் பிரித்ததும் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு பருக்கை எட்டிப் பார்த்தது. அந்தத் துண்டையே வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தோம்.

பிழைத்துவிட்டார். பேச முடிந்ததும், விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் முதல் வேலையாகச் சொன்னார்: "எங்க மாமா ஒண்ணும் பண்ணல சார். மாடு முட்டிடுச்சு."

கட்டிலருகே நின்ற மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுட்டவரே அந்தப் பொய்க்குப் பின்னால் நின்று வடித்த கண்ணீரும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. வார்டை விட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே ஓடிவந்து கேன்டீன் டம்ளரை நீட்டினார்.

"மச்சான காப்பாத்திட்டீங்க. சூடா இருக்கு, குடிங்க சார்."

காப்பி. வாசனை மூக்கில் ஏறியதும் அந்த வயிறு மறுபடி என் கண்முன் திறந்துகொண்டது. வாஷ்பேசினுக்கு ஓடிக் குனிந்தேன்.

"டிகாஷன் ஜாஸ்தியா போச்சா சார்?" என்றார் பின்னாலிருந்து.