வெள்ளைச் சட்டை போன சீசன்

இருபத்தாறு ஆண்டுகள். அந்தக் கால்பந்து மைதானத்தில் இதற்குள் புல்லை மூன்று முறை மாற்றிவிட்டார்கள். ஒரு புயலில் கூரை பறந்தது. எத்தனை பயிற்சியாளர்கள் வந்து போனார்கள் என்பதற்குக் கிளப்பிடமே கணக்கில்லை. ஒலிபெருக்கியில் கேட்ட குரல் மட்டும் ஒன்றேதான்.

குரலுக்குச் சொந்தக்காரரை ஊரே 'வெங்கலம்' என்று கூப்பிட்டது. வார நாட்களில் அவர் தபால் பிரிக்கும் கூடத்தில் உறைகளை ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருப்பார். அங்கே அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. ஆட்ட நாளில், பார்வையாளர் மேடைக்கு மேலே இருக்கும் தகர அறையில் ஏறி மைக்கைத் தட்டினார் என்றால் ஆளே வேறு. பந்து யாரிடம் இருக்கிறது, யார் பறித்தார், யார் கோட்டைவிட்டார் என்று ஆட்டம் முடியும்வரை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போவார். எதிரணிக்காரர் எவராவது அடிபட்டதுபோலப் புல்லில் படுத்து நேரம் கடத்தினால், "யாராவது தம்பிக்கு ஒரு தலகாணி குடுங்கப்பா!" என்பார். மைதானமே குலுங்கும். அதைக் கேட்பதற்கென்றே டிக்கெட் வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

இப்படிப்பட்டவருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது.

இளவயதில் ரயில் ஓட்டும் வேலைக்குத் தேர்வாகி, கண் பரிசோதனை வரை போனார். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். அவருக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. சிபாரிசு இல்லாததால் வேலை கிடைக்கவில்லை என்று வீட்டில் சொல்லி முடித்துக்கொண்டார். விஷயம் தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். கல்யாணமான புதிதில் தக்காளி பொறுக்கி வாங்கி வந்து பெருமையாக நீட்டியபோது மாட்டிக்கொண்டார். "இது கண்ணா, புண்ணா? பூராவும் பச்சைக் காயா இருக்கு!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள். அன்றிலிருந்து காய் வாங்குவதும் அவருக்குச் சட்டை எடுப்பதும் அவள் பொறுப்பு.

மைதானத்தில் அவரைக் காப்பாற்றியது ஜெர்சி. வெள்ளைச் சட்டை, மார்புக்குக் குறுக்கே ஒரு சாண் அகலத்தில் கறுப்புப் பட்டை. கிளப் பிறந்த நாளிலிருந்து அதுதான். எதிரணி எந்த நிறத்தில் வந்தால் என்ன? வெள்ளை தெரிந்தால் நம் ஆள், மற்றவன் எல்லாம் அடுத்த வீட்டுக்காரன்.

பிறகு கிளப்பை ஒரு பெயின்ட் வியாபாரி வாங்கினார். வெள்ளை டிவியில் எடுபடவில்லை, கடையில் விற்கவும் இல்லை என்றார். சீசன் தொடங்குவதற்கு முன்பு புது ஜெர்சியின் படம் வந்தது. அடர்சிவப்பு. பட்டை போய், கழுத்தோரம் நூல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சமிருந்தது.

"இது ஜெர்சியா, ஓட்டல் சப்ளையர் யூனிஃபார்மா?" என்று கொதித்தான் மச்சினன். மனைவியின் தம்பி அவன். கிழக்கு மேடை ரசிகர்களுக்குத் தலைவன். அங்கே மேளம் எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது அவன் கையசைவில்தான். "விடக் கூடாது மாமா. கிளப்ல நம்மளைப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க வந்து நாலு வார்த்தை பேசினா போதும்."

கிளப் செயலாளர் நல்ல மனிதர். இரண்டு பக்கமும் இடிபட்டுக் களைத்திருந்தார். "எல்லாரும் பாரம்பரியம் பாரம்பரியம்னே சொல்றீங்க. அதை வச்சு நான் முதலாளிகிட்டப் பேச முடியாது. இந்தக் கலரால நடைமுறைல ஏதாவது சிக்கல் இருக்கா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இன்னிக்கே நிறுத்திடறேன்."

அறையில் இருந்த அத்தனை பேரும் வெங்கலத்தைப் பார்த்தார்கள்.

வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் வெள்ளை திரும்பலாம். ஆனால், நிறம் தெரியாதவனுக்கு எதற்கு மைக் என்று நாளைக்கே ஒருவன் கேட்பான். கேட்டால் பதில் இல்லை. மைக் போய்விட்டால் அவர் யார்? தபால் பிரிக்கிறவர்.

"அந்தப் பட்டை... நம்ம அடையாளம் சார்," என்றார்.

செயலாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

உள்ளூரில் முதல் ஆட்டத்துக்கு வந்த எதிரணி மஞ்சள் போட்டிருந்தது, பிழைத்தார். அடுத்து வந்தது கறுப்பு. அடர்சிவப்பும் அவர் கண்ணுக்கு இருட்டாகத்தான் தெரியும். மேலிருந்து பார்த்தபோது, கோல்கீப்பர்கள் தவிர இருபது பேரும் ஒரே மண்ணைக் குழைத்துப் பூசியவர்கள்போல் ஓடினார்கள். அப்போதுதான் காதைத் தீட்டினார். நம் ஆள் பந்தை எடுத்தால் கிழக்கு மேடை எழும்பும். எதிராளி எடுத்தால் அடித்தொண்டையில் உறுமும். அதைப் பிடித்துக்கொண்டே ஆட்டத்தைச் சொல்லி முடித்தார். கூட்டத்துக்கு ஒரு நொடி பிந்திப் பேசினார், அவ்வளவுதான்.

"என்ன மாமா, இப்பல்லாம் நாங்க கத்தின பிறகுதான் உங்களுக்கு விஷயமே தெரியுது?" என்று மச்சினன் கிண்டல் செய்தான்.

"வயசாகுதுல்ல."

"குரலுக்கு ஆகலையே!"

மூன்றாவது ஆட்டத்துக்கு முந்தின வாரம் அவன் வீட்டுக்கு வந்தான். முகம் பூராவும் சிரிப்பு. "முடிவு பண்ணிட்டோம் மாமா. மௌனப் போராட்டம். முதல் பாதி முழுக்க ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான். கோல் விழுந்தாலும் சரி, இடியே விழுந்தாலும் சரி. வெள்ளை வர்ற வரைக்கும் எங்க சத்தம் கிடையாது."

வெங்கலத்தின் கையிலிருந்த தம்ளர் மேசையில் இடித்தது. "பாதி ஆட்டம் எதுக்குடா? பத்து நிமிஷம் பத்தாது?"

"பத்து நிமிஷம்னா டீ குடிக்கப் போயிட்டானுங்கன்னு நினைப்பாங்க. நீங்க கவலைப்படாதீங்க, நீங்க வழக்கம்போலப் பேசலாம். அத்தனை மௌனத்துக்கு நடுவுல உங்க குரல் மட்டும் கேட்கணும். அப்பத்தான் முதலாளிக்கு உறைக்கும்."

அவன் போனதும் மனைவி சொன்னாள்: "காய்ச்சல்னு சொல்லி வீட்ல இருங்க."

"இத்தனை வருஷத்துல ஒரு நாள் விட்டதில்லையே."

"அதான் சொல்றேன். ஒரு நாள் விடுங்க."

அவர் விடவில்லை.

எதிரணி கரும்பச்சையில் வந்தது. அவர்களுடைய ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்ள ஒரு வேன் நிறைய ஆள்கூட இல்லை. ஆட்டம் தொடங்கியது. மைதானத்தில் பந்து உதைபடும் சத்தமும் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் அதட்டும் சத்தமும் மட்டும் கேட்டன. வெங்கலம் பெயர்களைத் தவிர்த்து, "பந்து இடப்பக்கம் போகிறது... நல்ல முயற்சி..." என்று பொதுவாகவே ஓட்டினார். ஒரு கோல் விழுந்தது. எந்த வலையில் விழுந்தது என்பது தெரிந்ததால் எதிரணிக்கு என்று சரியாகவே சொன்னார். கொஞ்சம் தைரியம் வந்தது.

சற்று நேரத்தில் எதிர்ப்பக்கக் கோட்டோரம் இரண்டு பேர் மோதி விழுந்தார்கள். ஒருவன் எழுந்து ஓடினான். மற்றவன் கிடந்தான். யார் அது? காதைக் கூர்மையாக்கினார். ஒரு மூச்சுகூட வரவில்லை. யோசித்துப் பார்த்தார். ஒரு கோல் முன்னால் இருப்பவன்தானே நேரம் கடத்தப் படுத்துக்கொள்வான்?

"யாராவது தம்பிக்கு ஒரு தலகாணி குடுங்கப்பா!"

யாரும் சிரிக்கவில்லை. பாவம், போராட்டம் என்பதால் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள் என்று நினைத்தார். அடக்க முடியாமல் செய்துவிட வேண்டும் என்று ஒரு குஷி வந்தது.

"தலகாணி பத்தாதுபோல இருக்கே! போர்வையும் சேர்த்துக் கொண்டு வாங்க, தம்பி காலைலதான் எந்திரிப்பாரு!"

அறைக்கதவு திறந்தது. படியேறி ஓடிவந்த செயலாளர் மைக்கின் மேல் கையை வைத்து அழுத்தினார். அவருக்கு மூச்சு வாங்கியது. "யோவ், அது நம்ம ஆறாம் நம்பர்யா. கால் உடைஞ்சு கிடக்கான்."

ஆறாம் நம்பர் அணியின் கேப்டன். ஸ்ட்ரெச்சரில் அவனைத் தூக்கியபோது முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்ததை அந்த உயரத்திலிருந்தே வெங்கலம் பார்த்தார். அப்போதுதான் மைதானம் வாய் திறந்தது. மேளம் இல்லை, பாட்டு இல்லை. அத்தனை முகங்களும் தகர அறையைப் பார்த்து அண்ணாந்து கத்தின.

இனி கேப்டன் ஆட முடியாது என்று டாக்டர்கள் சொன்ன செய்தி மறுநாள் வந்தது. வெங்கலம் ஆஸ்பத்திரி வாசல்வரை போனார். வெளியே நின்ற ரசிகர்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். திரும்பி வந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மச்சினன் வந்தான். உட்காரவில்லை. "போராட்டத்தைக் கெடுக்கறதுக்குக் கிளப்காரன் உங்களை விலைக்கு வாங்கிட்டான்னு பேசறாங்க மாமா. இல்லன்னு சொல்லி ஒருத்தனை அடிச்சிட்டு வந்திருக்கேன். நான் அடிச்சது சரிதானே?"

"சொல்லுங்க," என்றாள் மனைவி. "இல்லன்னா நான் சொல்லுவேன்."

சொன்னார்.

மச்சினன் நம்பவில்லை. சமையல் மேடையில் கிடந்த பச்சைக் கைப்பிடித் துணியை எடுத்து நீட்டினான். "இது என்ன கலர்?"

"பழுப்பு."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். துணியைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் அதையே மடித்தான், பிரித்தான். "அன்னிக்கு அந்த ரூம்ல இதைச் சொல்லியிருந்தீங்கன்னா ஜெர்சியே வந்திருக்காது மாமா."

"தெரியும்."

"உங்களை ஒருத்தனும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான். நாங்க விட்டிருப்போமா?"

அவர் துணியை அவன் கையிலிருந்து வாங்கிச் சமையல் மேடையில் வைத்தார்.

மறுநாள் காலையில் தபால் கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் செயலாளரிடம் போனார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு மைக் வேண்டாம், என்னைக் காரணம் காட்டியாவது வெள்ளையைக் கொண்டு வாருங்கள், என்னைப் போல நிறம் தெரியாதவர்கள் பார்வையாளர் மேடையிலும் பலர் இருப்பார்கள் என்றார். செயலாளர் கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார்.

கீழே கிளப் கடை. வரிசை கேட்டைத் தாண்டித் தெருவில் வளைந்து நின்றது. இளைஞர்கள், பெண்கள், பிள்ளையைத் தோளில் வைத்த அப்பாக்கள். வாங்கி வெளியே வந்தவர்கள் அங்கேயே போட்டுக்கொண்டார்கள். எல்லா முதுகிலும் ஆறு.

"புது ஜெர்சியா இது?" என்று வெங்கலம் கேட்டார்.

"புதுசுதான். ரெண்டு நாளா விடாம அடிக்கிறோம், பத்தல. அவன் அதைப் போட்டுக்கிட்டுத்தான் விழுந்தான் இல்லையா? இனிமே இது அவன் சட்டை. இதுல ஒரு கோடு மாத்தினாக்கூட நாளைக்குக் கிளப்பைக் கொளுத்திடுவாங்க." திரையை விட்டார். "உங்க மச்சினன் நேத்து சாயங்காலமே வாங்கிட்டுப் போயிட்டான். அவன்கிட்ட வேற ஒரு விஷயமும் பேசினேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன்."

வெங்கலம் தகர அறையின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளூரில் ஆட்டம். மைக்கில் பேசப்போவது மச்சினன்.