கொழுந்தியாளின் மழைக் காட்சி

அந்தக் கார்ட்டூன் கம்பெனியில் அவரை எல்லோரும் 'நாட்டாமை' என்றுதான் கூப்பிடுவார்கள். வரைகிறவர்கள் கொடுக்கும் காட்சியைத் துண்டு துண்டாக்கி, கம்ப்யூட்டர்களுக்குப் பங்கு போட்டு, படமாகச் சேர்த்தெடுப்பது அவர் வேலை. கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே வேகமா என்றால், அதுதான் இல்லை. புதிதாக வாங்கியவை பறக்கும். கம்பெனி தொடங்கியபோது வாங்கிய ஒன்று மூலையில் முனகிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயரே 'கிழவி'. ஒரு துண்டு அதனிடம் மாட்டினாலும் மொத்தக் காட்சியும் அதற்காகக் காத்துக் கிடக்கும். இதெல்லாம் நாட்டாமைக்கு அத்துப்படி.

மனைவியின் தங்கையைச் சிபாரிசு செய்து, வரைகிறவளாக உள்ளே சேர்த்ததும் அவர்தான். அங்கேதான் புத்தி பிசகியது. 'சொந்தக்காரப் பொண்ணுக்குப் புது மெஷினா?' என்று எவனாவது கேட்டுவிடுவானோ என்று பயம். யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே, அவள் காட்சிகளில் ஒரு பெரிய பங்கைத் தவறாமல் கிழவியின் தலையில் கட்டினார். நேர்மையாம், நேர்மை!

அவள் காட்சி ஒவ்வொன்றும் கடைசியாகத்தான் வந்தது. "உன் படம் ரொம்ப கனம்மா, மெஷின் தாங்கல" என்றார் முதலாளி. பாவம், அவளும் நம்பினாள். மரத்தில் இலைகளைக் குறைத்தாள். ஆசை ஆசையாக வரைந்த மழையையும் எடுத்துவிட்டாள். அப்படியும் தாமதம். இன்று காலை, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி.

அவள் நேரே நாட்டாமையிடம் வந்தாள். "மன்னிச்சிடுங்க மாமா. உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"அந்த மழைக் காட்சி இருக்கா? மழையோட?"

"இருக்கு. அது இன்னும் கனமாச்சே, மாமா."

"பரவால்ல, குடு."

கிழவியை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றுக்கு மட்டும் பங்கு போட்டார். அவர் மேசையில் இருந்த டீ ஆறுவதற்குள் திரையில் மழை கொட்டியது. ஒவ்வொரு இலையிலும் சொட்டுச் சொட்டாக வழிந்தது. இதையா அழிக்க வைத்தோம் என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னால் வந்து நின்ற முதலாளி, "இப்ப மட்டும் எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம்?" என்றார்.

"தெரியல சார். மாமா என்னைக் காப்பாத்த ஏதோ பண்ணியிருக்கார்."

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுஷனே இல்லை. "காப்பாத்தல சார். எவனாவது பேசுவான்னு பயந்து, இவ வேலைய எல்லாம் கிழவிகிட்ட தள்ளினதே நான்தான். படத்துல ஒரு குறையும் இல்ல."

முதலாளி என்னவோ கத்தினார். நாட்டாமையின் காதில் ஏறவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, மழைய நான் எடுத்திருக்கவே வேணாமா, மாமா?"