பிள்ளையார் படம் போட்ட இணையத்தளம்

கனடாவில், லொங்குய் ஸ்டேஷனில் நான் ஏறிய மெட்ரோவில் என் பக்கத்தில் இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். சவரம் செய்யாத முகம், நித்திரையில்லாத கண். கைபேசித் திரையைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் சேலையைக் கண்டு தமிழில் கேட்டார்.

“அம்மா, இது கனடா குடிவரவுக் கந்தோரின்ர தளம்தானே? மனிசியை ஊரிலயிருந்து கூப்பிட அவவின்ர பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லுறாங்கள்.”

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். மேலே பிள்ளையார், கீழே குத்துவிளக்கு, நடுவில் ‘உங்கள் மனைவி நிச்சயம் வருவார்’ என்று தமிழில் இருந்தது.

“தம்பி, கனடா அரசாங்கம் எப்பதொட்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்குது? அரசாங்கத்தின்ர தளமெண்டால் பிரெஞ்சும் இருக்கும்; இதில மருந்துக்கும் ஒரு பிரெஞ்சுச் சொல் இல்லை. கள்ளன்ர வேலை, அனுப்பிப்போடாதேங்கோ.”

அவர் சிரிக்கவில்லை.

“பிள்ளையாரைக் கண்டுதான் நம்பினனான்,” என்றார். பிறகு தலையைக் குனிந்தார். “மெய்யான கந்தோர் திருப்பித் திருப்பி மறுத்துப்போட்டுது, அம்மா. வருவா எண்டு சொன்னது இது ஒண்டுதான்.”

வாய் நிறையப் பகிடி வைத்திருந்தேன். அதை விழுங்கிவிட்டு, “அனுப்பிப்போடாதேங்கோ” என்று மறுபடியும் சொன்னேன். அடுத்த ஸ்டேஷனில், அந்தப் பக்கத்தை மூடாமலே இறங்கிப் போனார். அனுப்பினாரோ, விட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.