கேட்டு நடந்த வழி

என் புருசன் கோணாமலை, வழி கேட்காமல் ஓரடி வைக்கமாட்டார். வாவிக்கரையில் குறுக்கே கிடந்த முதலையிடமே "கொஞ்சம் விலகுறீங்களா?" என்று கேட்டார், அதுவும் விலகியது. நீங்கள் நம்பவேண்டாம், களுவாஞ்சிக்குடியில் நாலுபேர் நம்பியிருக்கிறார்கள்.

அம்மா தன் வளவுக் காணியை இரண்டாக்கிச் சீதனம் தந்தா. வாவிப் பக்கம் எனக்கு, ரோட்டுப் பக்கம் அக்கா கண்ணகைக்கு. அக்கா குளிக்க என் முற்றத்தால் போவா. இவர் நெல்லு ஏற்றும் மாட்டுக் கரத்தையை அக்காவின் முற்றத்தால் ஓட்டுவார். அக்காவின் ஆடு என் பயற்றங்கொடியைத் தின்றது. நான் வேலியை அடைத்தேன். அக்கா வழக்குப் போட்டா.

பத்து வருசத்துக்கு மேல் நடந்த வழி, ஆகவே தனக்கு உரிமை என்றா. மட்டக்களப்புக் கோட்டில் அக்காவே வென்றா. மிஷன் பள்ளியில் இங்கிலீசு படித்த என்னால் அதைப் பொறுக்கமுடியுமா? கொழும்புக்கு அப்பீல் போனேன். அக்கா ஒவ்வொரு முறையும் "தங்கச்சி, போகட்டா?" என்று கேட்டுத்தான் போவா என்பதை என் வழக்கைப் பேசிய பிறக்கிராசிக்கு எடுத்துக் கொடுத்ததும் நான்தான். கேட்டு நடந்தால் அது அனுமதி, அனுமதி எத்தனை வருசம் போனாலும் உரிமையாகாது என்று இரண்டு நீதிபதிகள் என் பக்கம் தீர்த்தார்கள். தீர்ப்புப் புத்தகத்தில் அன்னப்பூரணி என்ற என் பெயர் அச்சேறியது. அதைப் பட்டுத்துணியில் சுற்றி லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வந்தவர்களுக்கு வெற்றிலைக்கு முன்னால் அதைத்தான் நீட்டினேன்.

இவர் ஒன்றுதான் கேட்டார்: "இனி மச்சாள் எந்த வழியால குளிக்கப் போவா, புள்ள?"

அறுவடைக்கு முன் அக்கா தன் வேலிப் படலையைப் பூட்டினா. எங்களுக்கு மிஞ்சியது சுற்றிப் போகும் ஒழுங்கை. மாரியில் அதில் தோணிதான் ஓடும். நெல்லு ரோட்டுக்கு ஏறாவிட்டால் முற்றத்திலேயே முளைத்துவிடும். இந்தமுறை நாங்கள் வழக்காளி. இவர் கரத்தை ஓட்டியதும் பத்து வருசத்துக்கு மேல்தான். ஒருநாளும் கேட்டதில்லை என்று மட்டும் சொல்லச்சொல்லி வழிநெடுகப் பாடம் சொல்லிக்கொடுத்தேன்.

சாட்சிக் கூண்டில் நின்ற இவரிடம் அக்காவின் பிறக்கிராசி, படலையடியில் என்ன சொல்லுவீர் என்று கேட்டார்.

"மச்சாள், கரத்தை போகட்டா எண்டு கேப்பன். கேளாமப் போறது மனுசத்தனமா, ஐயா?"

அதோடு முடிந்தது. நான் மறுபடி அப்பீல் என்றேன். அங்கே புதிதாகச் சாட்சி கேட்கமாட்டார்கள், கீழ்க்கோட்டில் எழுதியதைத்தான் வாசிப்பார்கள் என்று பிறக்கிராசி எவ்வளவோ சொன்னார். என் பெயரைக் கண்டாலே நீதிபதிகள் எழுந்து நிற்பார்கள் என்ற நினைப்பு எனக்கு.

கொழும்பில் அக்காவுக்காக வாதாடிய அப்புக்காத்து ஒரே ஒரு புத்தகத்தைத் திறந்தார். என் புத்தகம். அது குளிக்கப்போன கால், இது நெல்லேற்றிய கரத்தை, இரண்டும் வேறு என்றார் எங்கள் அப்புக்காத்து. நடந்தாலும் உருண்டாலும் கேட்டது கேட்டதுதான் என்றார் நீதிபதி. அப்படியானால் அந்தப் பழைய தீர்ப்பே பிழை என்று எங்கள் ஆள் மெல்ல இழுத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அதை மாற்றுவதற்கு இதைவிடப் பெரிய அமர்வு வேண்டும் என்றார். பிறகு, "அந்த வழக்கில் வென்ற அன்னப்பூரணி, இந்த அன்னப்பூரணியின் உறவோ?" என்று கேட்டார். மின்விசிறிகூடச் சிரித்தது என்பேன்.

வீடு வந்தபோது மேகம் கறுத்திருந்தது. மூட்டைகள் முற்றத்தில் கிடந்தன. இவர் நேரே படலையடிக்குப் போய், கோடு கச்சேரி ஒன்றும் நடக்காததுபோல, "மச்சாள், கரத்தை போகட்டா?" என்றார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது: "அவளக் கேக்கச் சொல்லுங்க."

முதல் தூறல் விழுந்தது. நான் தொண்டையைச் செருமினேன். "அக்கா, போகட்டா?"

படலைத் திறப்புக் கொத்தோடு அக்கா வந்தா. "போ. ஆனா இது அனுமதி, உரிமையில்ல. உன்ட புத்தகத்திலயே கிடக்கு."

கடைசி மூட்டை ரோட்டுக்கு ஏறியபின் மழை கொட்டியது. அந்த மழையிலேயே நான் அக்காவுக்கு அடைத்த வேலியைப் பிரித்தேன். இவர் கத்தியை எடுத்துத் தந்தார்.

விடிந்ததும் பிரித்த வேலிக்கு அப்பால், ஊரே சாட்சியாகும்படி ஒரு குரல்: "தங்கச்சி, குளிக்கப் போகட்டா?"

தவணை போட்டுத் தள்ளிவைக்காமல் உடனே தீர்ப்புச் சொன்னேன்.