டீச்சர் கோடு

தொண்ணூறுகளின் நடுவில், அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சராக இருந்தேன். அறுவடை சமயம். டியூஷன் முடித்து, இருட்டிய பிறகு, ஐந்து வயது மகளைப் பின்னால் உட்காரவைத்து மொபெட்டில் வாய்க்கால் கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். எதிரே நெல் மூட்டை ஏற்றிய ரைஸ்மில் வேன். அதன் லைட் நேரே கண்ணில் அடித்தது. ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் மண்ணில் சறுக்கி விழுந்தோம். தண்ணீருக்கு ஒரு முழம்தான் மிச்சம். மகளுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. வேன் நிற்காமல் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் சாயங்காலம், முழங்கையில் கட்டுப் போட்டிருந்த மகளையும் மொபெட்டில் ஏற்றி, விசாரித்துக்கொண்டு போனேன். மில்லுக்கு எதிரே இருந்த ஒர்க்‌ஷாப்பில்தான் வேன் நின்றது. புது ஹாலஜன் பல்பை மாட்டி லைட்டைத் தூக்கி வைத்துவிட்டீர்கள் என்று மெக்கானிக் அண்ணாச்சியோடு சண்டைக்கு நின்றேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. வேனைச் சுவரைப் பார்த்து நிறுத்தி லைட்டைப் போட்டார். வெளிச்சம் தாழ்வாக, சரியாகத்தான் விழுந்தது. நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வாசல்வரை வந்த பிறகுதான் உறைத்தது. நேற்று வேனில் மூட்டை இருந்தது. இன்று காலி வேன். திரும்பிப் போய், கைப்பையில் கிடந்த சாக்பீஸை எடுத்து, வெளிச்சத்தின் மேல்விளிம்பில் சுவரில் ஒரு கோடு இழுத்தேன்.

"அண்ணாச்சி, மூட்டையை ஏத்திட்டு ஒருக்கா லைட்டைப் போடுங்க."

முனகிக்கொண்டேதான் மில் ஆட்களை ஏற்றச் சொன்னார். பின்பக்கம் அமுங்க அமுங்க முன்பக்கம் தூக்கிக்கொண்டது. வெளிச்சம் கோட்டைத் தாண்டி ஒரு சாண் மேலே ஏறி நின்றது. பக்கத்துச் சுவரில் ஒரு சாண் ஏறினால், தூரம் போகப் போக ரோட்டில் எதிரே வருகிறவரின் கண்ணுக்கே ஏறிவிடும். யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் என் மகளின் முழங்கைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி டிரைவரிடம், "பாரம் ஏத்திப் பாக்கணும்னு இத்தனை நாளா நமக்குத் தோணலயே வே" என்றார். அவரே ஸ்குரூடிரைவரை எடுத்து, வெளிச்சம் கோட்டுக்கு இறங்கும்வரை திருகினார்.

அடுத்த வாரம் அந்தக் கோடு பெயிண்ட் கோடாகிவிட்டது. மற்ற வண்டிக்காரர்களும் பாரத்தோடு வந்து லைட்டைச் சரிபார்த்துப் போனார்கள். அதற்கு 'டீச்சர் கோடு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்!

ஒரு நாள் அதே ரோடு, அதே இருட்டு. எதிரே மூட்டையோடு அதே வேன். பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "அம்மா, வாய்க்கால் தெரியுது."

கரும்பலகையில் எத்தனையோ ஆயிரம் கோடு போட்டிருக்கிறேன். இன்றைக்கும் என்னை நிமிர்ந்து நடக்கவைப்பது அந்த ஒர்க்‌ஷாப் சுவரில் போட்ட கோடுதான்.