நின்றுபோன இரத்தம்

என் கணவருக்குக் கண்டிக்குப் பக்கத்தில், கலகெதரையில் சிறிய ஹார்ட்வெயார் கடை. போன வருடம் ஒருநாள் அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. "சூடு பிடிச்சிருக்கு" என்று அவரது அம்மா, என் மாமி, பொல்பலா மூலிகையை அவித்துக் கொடுத்தார். மறுநாளே நின்றுவிட்டது. நான் டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

"அதான் நின்னுருச்சே, இனி எதைக் கொண்டுபோய்க் காட்டுறது? பிள்ளை தும்மினாலே கண்டிக்கு பஸ் ஏறுற ஆளு நீ" என்று அவர் சிரித்தார். மாமியும் சிரித்தார். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்று எனக்கே தோன்றியது.

பிறகும் இடையிடையே வந்தது. பொல்பலா குடித்தார், நின்றது. இரண்டு கால்களும் வீங்கியபோது, நாள் முழுக்கக் கடையில் நிற்பதால் என்றார்கள். செருப்பு நுழையாமல் போன பிறகுதான் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வலது சிறுநீரகத்தில் புற்றுநோய். அது இதயத்துக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய்க்குள்ளும் வளர்ந்திருந்தது; கால்கள் வீங்கியதும் அதனால்தானாம். நான் டாக்டரிடம் பொல்பலாவைப் பற்றிச் சொன்னேன்.

"அதால நிக்கல்லம்மா. இந்த நோயில ரத்தம் தானா வரும், தானா நிக்கும்" என்றார்.

நீண்ட ஆபரேஷன். சிறுநீரகத்தையும் குழாய்க்குள் வளர்ந்ததையும் எடுத்தார்கள். வேறெங்கும் பரவாதிருந்தால் பலர் நன்றாக இருக்கிறார்களாம். இவருக்கு நுரையீரலிலும் பரவியிருந்தது. மருந்து கொடுக்கிறார்கள். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் யாருக்கு எது வந்து நின்றாலும், வந்தது என்று டாக்டரிடம் போய்ச் சொல்கிறேன். மகள் தும்மினாலும் பஸ் ஏறுகிறேன். யாரும் சிரிப்பதில்லை.