பல்லக்கா கட்டிய எஞ்சின்

தெருவே பல்லக்கா என்று கூப்பிடுவதால் அவளுக்குப் பல் துருத்திக்கொண்டிருக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளுடைய வேலை பல்செட் செய்வது. பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவள் லேபில் உட்கார்ந்து அதற்கு உருவம் கொடுத்து, தேய்த்து, பளபளவென்று மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது இவள் புண்ணியத்தில்தான். ஐம்பதை எட்டப்போகிற இந்தப் பெண்மணிக்கு, போயும் போயும், பெட்ரோலில் ஓடுகிற குட்டி எஞ்சின் ஒன்றைச் சொந்தக் கையால் செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

வந்துவிட்டதாவது! அது எப்போதும் இருந்த ஆசை. அப்பாவுக்கு மெக்கானிக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு அங்கே ஓடியவள் இவள்தான். தம்பிக்காரன் கிரீஸ் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொள்வான். ஆனாலும் படிப்பு முடிந்ததும் அப்பா தம்பியைக் கடையில் உட்காரவைத்தார். மகளைக் கையில் அழுக்குப் படாத வேலையாகப் பார்த்து லேபில் சேர்த்துவிட்டார். தங்கமான மனுஷன், அதில் மட்டும் பிடிச்ச பிடி. அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், கடைசியில் லேபுக்குப் போனாள்.

அப்பா கடைசிக் காலத்தில் இவள் வீட்டுக்குத்தான் வந்தார். வரும்போது தன் சின்ன லேத்தையும் கூடவே கொண்டுவந்தார். இரும்பைச் சுழலவிட்டுச் சீவுகிற இயந்திரம் அது. மேஜைமேல் வைக்கிற அளவுதான், ஆனால் இரண்டு ஆள் சேர்ந்தால்தான் அசையும். துணி துவைக்கிற பின்னறையில் சுவரோடு ஒட்டி வைத்தார்கள். அவர் போன பிறகும் அது அங்கேயே நின்றது. யாருக்கு என்று மட்டும் அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. வம்பு அங்கேதான் பிடித்தது.

“அப்பா லேத்து என் கடைக்குத்தானே வரணும்? நீ அதுல துணியா காயப்போடப் போற?” என்றான் தம்பி.

“எஞ்சின் செய்யப் போறேன்.”

தம்பி சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. “சரிக்கா. எஞ்சின் ஓடிச்சுன்னா லேத்து உனக்கு. என் புது ஷெட்டுக்குக் கூரை போடுற வரைக்கும் டைம். ஓடலேன்னா வண்டியோட வந்து நிப்பேன். அப்புறம் மூக்கச் சிந்தக் கூடாது.”

வாய் சொல்லிவிட்டது, இனிக் கை செய்துதானே ஆக வேண்டும்! லேபிலிருந்து வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னறைக்குள் போய்விடுவாள். எஞ்சினின் உடம்பு அவளுக்கு லட்டு மாதிரி வந்தது. மெழுகில் உருவம் செய்து, மேலே மாவுக் கலவையை ஊற்றி இறுகவிட்டு, சூடாக்கி மெழுகை ஓடவிட்டு, அந்தக் குழியில் அலுமினியத்தை ஊற்ற வேண்டும். உலோகப் பல்லும் அப்படித்தான் பிறக்கிறது. லேத்தில் சிலிண்டரைக் குடைந்தாள். பெருவிரல் நுழைகிற துளை. அதற்குள் ஏறி இறங்கப் பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் அடைக்க மெல்லிய ரிங். ரிங் செய்வதற்குள் உயிர் போய்விட்டது. கை வைத்தால் ஒடியும், வைக்காவிட்டால் அடங்காது. பஸ் கண்டக்டரான அவள் வீட்டுக்காரர் கதவோரம் நின்று, “இன்னிக்கு எத்தன ரிங் உள்ள போச்சு, எத்தன ரிங் குப்பைக்குப் போச்சு?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நழுவிவிடுவார். ஆனால் இரும்புத் தூளைப் பெருக்கி அள்ளுவது அவர்தான், அதையும் சொல்ல வேண்டும்.

ஒருவழியாக எல்லாம் பூட்டி முடித்தாள். பெட்ரோல் ஊற்றி, கயிற்றைச் சுற்றி இழுத்தாள். எஞ்சின் ‘புஸ்’ என்றது. மறுபடி இழுத்தாள். மறுபடி ‘புஸ்’. பிளக்கை மாற்றினாள், கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினாள், தலைகீழாக நின்று பார்த்தாள். கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லக்கூடிய ஆள் ஒருத்தன் கூப்பிடு தூரத்தில் இருக்கிறான். அவனிடம் போய்க் கேட்பதற்கு லேத்தையே தூக்கிக் கொடுத்துவிடலாமே! பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஷெட்டுக்குக் கூரை ஏறிவிட்டது.

சொன்ன சொல் தவறாத தம்பி லீவு நாளாகப் பார்த்து வேனோடு வந்து நின்றான். வேன்காரரை வாசலில் டீயோடு உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தான். மேஜைமேல் எஞ்சின். கேலி செய்ய வந்தவன் குனிந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“இத நீயா செஞ்ச?”

“பின்ன, பக்கத்து வீட்டுப் பூனையா?”

“ஓடுதா?”

அவள் கயிற்றைச் சுற்றி இழுத்துக் காட்டினாள். ‘புஸ்’. லேத்தை விட அவளுக்கு மனசில்லை. அப்பா தொட்ட சாமான் என்பதற்காக மட்டுமில்லை. அந்த அறையில் நிற்கும்போதுதான் அவள் இத்தனை வருஷம் கழித்து அவளாக இருந்தாள். அது போய்விட்டால் மறுபடியும் துணி துவைக்கிற அறைதான்.

தம்பி எஞ்சின் பக்கவாட்டிலிருந்த சக்கரத்தை, அந்த ஃப்ளைவீலை, ஒரு விரலால் சுற்றினான். அது எந்தத் தடையும் இல்லாமல் சுற்றியது. “காத்து அழுத்தமே இல்லியேக்கா” என்றவன், கேட்காமலே திருப்புளியை எடுத்துத் தலைப்பகுதியைக் கழற்றினான். செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அடிப்பாவி! சிலிண்டருக்குள்ள பாலிஷா போட்டே?”

“ஒரு கீறல் இருக்காது. நல்லா பாரு” என்றாள், அந்த நிலைமையிலும் பெருமை விடவில்லை.

“கண்ணாடியில மூஞ்சி பாக்கவா சிலிண்டர்? குறுக்கும் நெடுக்குமா மெல்லிசா கீறல் இருக்கணும்க்கா. அதுலதான் எண்ணெய் நிக்கும், அதுல உரசித்தான் புது ரிங்கு அளவுக்கு வந்து உக்காரும். இப்படி வழவழன்னு இருந்தா காத்தெல்லாம் பக்கவாட்டுல ஓடிப்போயிடும். இதென்ன பல்செட்டா, நாக்கு நெருடுதுன்னு டாக்டர் திருப்பி அனுப்ப?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. வந்த காரியம் என்ன, வாய் செய்த காரியம் என்ன! ஆனால் ஓடாத எஞ்சினைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற ரகமில்லை அவன்.

“வேன்காரருக்கு இன்னொரு டீ குடுங்க” என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் பல்லக்கா.

சிலிண்டரை லேத்தில் மாட்டி மெதுவாகச் சுழலவிட்டாள். குச்சியில் நைஸ் உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெய் தொட்டு, உள்ளே விட்டு வெளியே இழுத்தாள். வாழ்நாள் முழுக்கக் கீறலை அழித்தவள் இப்போது கீறல் போடுகிறாள்; கை கூசியது. “இன்னும், இன்னும், பயப்படாதே” என்று தம்பி பின்னால் நின்று விரட்டினான். நன்றாகக் கழுவித் துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டினார்கள். எஞ்சினின் தண்டை லேத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் வெறுமனே சுழற்றி ரிங்கைப் பழக்கினார்கள். வேன்காரர் பொறுமை இழந்து வாசற்படியில் வந்து நின்றார்.

இப்போது ஃப்ளைவீலைத் தொட்டபோது அது விரலை எதிர்த்துத் தள்ளியது. அவள் கயிற்றைச் சுற்றி இழுத்தாள். எஞ்சின் ஒருமுறை தும்மியது. மறுபடி இழுத்தாள்.

பிடித்துக்கொண்டது! அம்மாடி, அது போட்ட சத்தம்! உள்ளங்கையளவு எஞ்சின் மேஜையை அதிரவைத்து, டப்பாவிலிருந்த ஆணிகளை ஆடவைத்து, வீட்டுக்காரரைக் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடவைத்தது. பல்லக்கா கத்தினாள், என்ன கத்தினாள் என்பது அவளுக்கே தெரியாது. கண்ணில் நீர் கொட்டியது. புகை என்று சொல்லிக்கொள்ள அவள் மெனக்கெடவில்லை.

பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் அடங்கியதும் வேன்காரர் எட்டிப் பார்த்தார். “சார், உங்க லேத்த ஏத்தலாமா? நேரமாவுது.”

தம்பி எஞ்சினிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என் லேத்தா? அது அக்காவோட லேத்துண்ணே” என்றான், என்னவோ பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பது போல.

பல்லக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வந்தது வந்தீங்க, ரெண்டு பேரும் ஒரு கை பிடிங்க. லேத்தச் சுவரிலேருந்து அரை அடி முன்னால இழுத்து வெச்சுட்டுப் போங்க. பின்பக்கம் எண்ணெய் விட எனக்குக் கை போக மாட்டேங்குது.”

தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான்.